ஜெர்மன் விளையாட்டு பேட்ஜ்: இரண்டாம் உலகப் போருக்கு முந்தியதா, பிந்தியதா? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

ஊசிமுனை:
பெர்லினில் ஜூன் 17 தெருவின் வார இறுதிச் சந்தையில் ஒரு வியாபாரி, உடற்திறன் தேர்வில் தேறியவர்களுக்குத் தரும் ஜெர்மன் விளையாட்டு பேட்ஜ் ஒன்றை வெண்கல நிறத்தில் நீட்டினார். இலைவளையத்துக்குள் டி.ஆர்.எல். (நாஜிக் காலத்து ஜெர்மன் விளையாட்டு அமைப்பின் பெயர்ச்சுருக்கம்) என்ற எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னியிருந்தன. "ஸ்வஸ்திகா இல்லை, ஆகவே 1957-க்குப் பிறகு அடித்தது" என்று சொல்லி விலையையும் குறைத்தார். நான் மறுத்துப் பேசவில்லை, வாங்கிக்கொண்டேன்.

அவர் மனதில் இருந்தது 1957 ஜூலை 26 சட்டம். நாஜிக் காலத்துப் பதக்கங்களை ஸ்வஸ்திகா நீக்கிய வடிவில் அணிய மேற்கு ஜெர்மனி அப்போதுதான் அனுமதித்தது. ஆனால் இந்த பேட்ஜின் வளையத்தின் அடியில் அந்தச் சிறு சின்னம் ஏறியதே 1937-இல்தான். 1934 முதல் அதுவரை வந்தவற்றில் எழுத்துகள் மட்டுமே. சின்னம் இல்லை என்பதை வைத்துக் காலத்தை முடிவு செய்ய முடியாது.

பின்புறத்தில் வெர்ன்ஸ்டைன், யேனா, டி.ஆர்.ஜி.எம். 35269 என்று இருக்கிறது: செய்த நிறுவனம், அதன் ஊர், பதிவு எண். 1945-க்குப் பின் யேனா சோவியத் மண்டலத்தில் சேர்ந்தது. கிழக்கு ஜெர்மனிக்குத் தனி விளையாட்டு பேட்ஜ் வந்துவிட்டது. அங்கே உட்கார்ந்து யார் டி.ஆர்.எல். அடித்திருப்பார்கள்?

வெண்கலம்_வெள்ளி:
அப்படியானால் டி.ஆர்.ஜி.எம். இருந்தாலே போர்க்காலத்தது என்று எடுத்துக்கொள்ளலாமே?

ஊசிமுனை:
கூடாது. அது 1945 வரை இருந்த ஜெர்மன் ரைஷ் அரசின் பயன்பாட்டு மாதிரிப் பதிவு, நாஜிக் காலத்துக்கு மட்டும் உரியதல்ல. அதே எண் நாஜிகளுக்கு முந்தைய வைமர் குடியரசுக் காலத்து டி.ஆர்.ஏ. (டி.ஆர்.எல்.-க்கு முன்பிருந்த விளையாட்டு அமைப்பு) பேட்ஜுகளிலும் வரும். முன்பக்க எழுத்தைப் படித்த பிறகே பின்பக்கத்துக்கு வாருங்கள். போலி செய்பவனுக்கு எண்ணைச் சேர்ப்பது பெரிய வேலையும் இல்லை.

தகரப்பெட்டி:
எனக்குக் கிடைத்த ஒன்றில் வளையத்தின் அடிப்பகுதி மட்டும் தட்டையாக இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அரத்தின் கீறல்கள் தெளிவாகத் தெரிந்தன. மற்ற இடமெல்லாம் பழைய மெருகு. அங்கே மட்டும் வெறும் உலோகம். உரியவரே சின்னத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு வைத்திருந்திருக்கலாம். விலைமதிப்பில் இது குறைபாடு என்பார்கள். எனக்கென்னவோ முழுமையான பேட்ஜைவிட இதுதான் அதிகம் பேசுகிறது.

பிற்காலத்ததை வேறு வழியில் கண்டுபிடிக்கலாம்: 1950-இல் தொடங்கிய ஜெர்மன் விளையாட்டுக் கூட்டமைப்பு வழங்கியதில் டி.எஸ்.பி. என்றிருக்கும். 2006-இல் தேசிய ஒலிம்பிக் குழுவோடு இணைந்த பிறகு அது டி.ஓ.எஸ்.பி. இவற்றைப் போலி என்று சிலர் ஏளனம் செய்வது எரிச்சலூட்டுகிறது. 1912-இல் ஸ்வீடனைப் பார்த்து ஜெர்மன் விளையாட்டு நிர்வாகி கார்ல் டீம் தொடங்கிவைத்த அதே தேர்வின் தொடர்ச்சிதானே இது!

காகிதப்புழு:
ஓர் இணைய ஏலத்தில் டி.ஆர்.எல். பேட்ஜும் என்.எஸ்.ஆர்.எல். உறுப்பினர் அட்டையும் சேர்ந்து வந்தன. "பெயர் ஒத்துப்போகவில்லை, கலவைச் சரக்கு" என்று பலர் ஒதுங்கிவிட்டார்கள். 1938 இறுதியில் டி.ஆர்.எல். அமைப்பின் பெயர்தான் என்.எஸ்.ஆர்.எல். என்று மாறியது. பேட்ஜில் இருந்த எழுத்து மாறவில்லை. அந்தப் பொருத்தமின்மை இயல்பானது. போட்டியில்லாமல் எனக்கே வந்து சேர்ந்தது.

நூல்கண்டு:
விளையாட்டுச் சட்டையில் தைக்கும் துணி வடிவங்களும் உண்டு. புற ஊதா விளக்கின் கீழ் நூல் நீலவெண்மையாக ஒளிர்ந்தால் கை வைக்காதீர்கள்; அப்படி ஒளிரவைக்கும் வெளுப்பூட்டிகள் நூலிலும் சலவைத்தூளிலும் பரவலானது போருக்குப் பின். ஒரு எச்சரிக்கை: பழைய துணியைப் பின்னாளில் யாராவது சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும்.

தகரப்பெட்டி:
கேட்க நினைத்தேன்: சந்தையில் ஸ்வஸ்திகாவின் மேல் சிறு ஒட்டுத்தாள் ஒட்டி விற்கிறார்களே, அதை அங்கேயே உரித்துப் பார்ப்பீர்களா?

ஊசிமுனை:
பொதுவெளியில் அந்தச் சின்னத்தைக் காட்டுவது ஜெர்மனியில் குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவில் சிக்கும். பின்புறத்தையும் ஊசியையும் மட்டும் பார்த்துவிட்டு, மீதியை வீட்டில் பார்ப்பேன்.