துக்ளக் சோ: திட்டிக்கொண்டே படித்தவர்களின் அனுபவங்கள்

தொடங்கி வைப்பவர், மயிலாடுதுறை

எங்கள் அப்பா பரம்பரை தி.மு.க. அப்படிப்பட்டவர், சோ ராமசாமி நடத்திய அரசியல் பத்திரிகையான துக்ளக்கை ஒரு இதழ் விடாமல் வாங்கினார். கையில் சிவப்புப் பென்சில் இல்லாமல் அதைத் திறக்கமாட்டார். கேள்வி பதில் பக்கத்தின் ஓரத்தில் "பொய்", "திமிர்" என்று எழுதுவார். எப்போதாவது, ரொம்பச் சின்ன எழுத்தில், "சரிதான்" என்றும் இருக்கும். "திட்டறதுக்குக் காசு கொடுத்து வாங்கணுமா?" என்று அம்மா கேட்டால், "எதிராளி என்ன சொல்றான்னு தெரியாம எப்படித் திட்டறது?" என்பார்.

ஆரம்பத்தில் சோ மேல் அவருக்கு இளக்காரம்தானாம். மயிலாப்பூர் வக்கீல் வீட்டுப் பையன், டி.டி.கே. நிறுவனத்துக்குச் சட்ட ஆலோசகர், மேடையிலும் சினிமாவிலும் காமெடி. இவர் அரசியல் பத்திரிகை நடத்துவாரா? 1968இல் 'முகமது பின் துக்ளக்' நாடகம் ஓடு ஓடு என்று ஓடியது. அந்தப் பெயரையே வைத்து 1970 ஜனவரி 14, பொங்கல் சமயத்தில் பத்திரிகை வந்துவிட்டது. ஆனந்த விகடன் பாலசுப்ரமணியன் பின்னால் நின்றார் என்பதால்தான் அப்பா முதலில் வாங்கிப் பார்த்தாராம்.

1996இல் சோ, தி.மு.க. - த.மா.கா. (தமிழ் மாநில காங்கிரஸ்) கூட்டணிக்காக முனைந்து நின்றார். அந்த வருஷம் மட்டும் சிவப்புப் பென்சிலுக்கு வேலை குறைவு. சரி, உங்கள் கதைகளைச் சொல்லுங்கள். நேரில் பார்த்தவர்கள் இருந்தால் இன்னும் நல்லது.

தஞ்சாவூர், முன்னாள் பத்திரிகைக் கடைக்காரர்

எங்கள் மாமாவுக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கடை. 1975இல் இந்திரா காந்தி அவசரநிலை கொண்டுவந்தபோது நான் பள்ளிக்கூடம் முடிந்ததும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட புத்தகங்களில் எல்லாம் நடிகை, சாமி, கோலம். நடுவில் துக்ளக் மட்டும் கறுப்பு அட்டையோடு தொங்கியது. மாமா முதலில் அச்சுக்கோளாறு என்று நினைத்து ஏஜென்டிடம் சண்டைக்குப் போகப் பார்த்தார்! வாங்க வந்த ஒரு வாத்தியார்தான் குரலைத் தாழ்த்தி, இது அவசரநிலைக்கு எதிர்ப்பு என்று சொன்னார்.

அப்புறம் இன்னொன்று. எழுதுவதையெல்லாம் தணிக்கை அதிகாரி பார்த்து அனுமதித்த பிறகுதான் அச்சு. அந்த நேரத்தில் துக்ளக்கில் ஒரு பழைய படத்துக்கு விமர்சனம் வந்தது. எம்.ஜி.ஆர். நடித்து 1951இல் வந்த 'சர்வாதிகாரி'. இருபது வருஷத்துக்கு மேலான படத்துக்கு இப்போது எதற்கு விமர்சனம்? பெயரைப் பார்த்தாலே போதும், தெரிந்தவனுக்குத் தெரியும். கடையில் நின்றபடியே படித்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெளிப்படையாக எழுத முடியாதபோது எப்படி எழுதுவது என்பதற்கு எனக்குத் தெரிந்து தமிழில் இதைவிட நல்ல பாடம் கிடையாது.

சென்னை, மேற்கு மாம்பலம்

துக்ளக் ஆண்டு விழாவைப் பற்றி யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன், நானே சொல்லிவிடுகிறேன். ஜனவரி 14 சாயங்காலம் எங்கள் வீட்டில் யாரும் என்னை எதிர்பார்க்கமாட்டார்கள். சீக்கிரம் போகாவிட்டால் உட்கார இடம் கிடையாது.

தமிழ்நாட்டில் எத்தனையோ பத்திரிகை விழாக்கள் நடக்கின்றன. மாலை, பொன்னாடை, வாழ்த்துரை, நன்றியுரை. சோ இருந்தவரை இங்கே முதலில் அலுவலகத்தில் வேலை செய்பவர்களை ஒவ்வொருவராக சோ அறிமுகம் செய்வார். அதிலும் கிண்டல்தான். பிறகு மைக் வாசகர்களிடம் போய்விடும். கூடத்தில் இருப்பவர்கள் எழுந்து கேட்பார்கள், குறை சொல்வார்கள், சிலர் நேராகவே தாக்குவார்கள். அதன்பிறகுதான் அவர் பேச்சு. பேச்சு என்றால் பெரும்பாலும் அந்தக் கேள்விகளுக்கான பதில்.

ஒரு வருஷம் எனக்கு முன் வரிசையில் ஒரு பெரியவர். அன்று ஜெயலலிதாவை எதிர்த்தீர்கள், இன்று ஆதரிக்கிறீர்கள், என்ன கணக்கு என்று கேட்டார். நிஜமாகவே கோபம், கை நடுங்கியது. கூட்டத்தில் சிலர் "உட்காருய்யா" என்று கத்தினார்கள். மேடையிலிருந்து அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை, கேட்டு முடித்தார். பதில் அவருக்குத் திருப்தி தரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கும்தான். ஆனால் அவர் மறுவருஷமும் வந்திருந்தார், கிட்டத்தட்ட அதே இடம்.

கோவை, ஓய்வுபெற்ற ஆசிரியை

எல்லோரும் புகழ்ந்துகொண்டே போகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். பெண்கள் விஷயத்தில் அவர் எழுதியதும் பேசியதும் எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. பெண்களுக்கான இட ஒதுக்கீட்டை அவர் எதிர்த்தார். எதிர்க்கட்டும், அது கருத்து. அதைக் கேலியாக்கி, கைதட்டல் வாங்கியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நையாண்டி கைவந்தவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு: சிரிப்பு வந்துவிட்டால் வாதம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். என் கணவர் சத்தமாகப் படித்துச் சிரிப்பார், நான் சமையலறையிலிருந்து பதில் சொல்வேன். ஆனால் மகாபாரதம் பற்றி அவர் எழுதியதை நான்தான் கத்தரித்து பைண்டு பண்ணி வைத்திருக்கிறேன். அது வேறு, இது வேறு.

பெயர் வேண்டாம்

ஈழ விஷயத்தில் அவர் எழுதியதற்காக எங்கள் வீட்டில் துக்ளக்கை நிறுத்தினோம். இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

சேலம்

1971 இதழைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! எங்கள் ஊரில் திராவிடர் கழகம் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலப் படங்களைப் போட்டதற்காக அரசாங்கம் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. விளைவு, துக்ளக் என்று கேள்விப்படாதவர்களும் தேட ஆரம்பித்தார்கள். ஊர்வலத்தில் ராமர் படம் அவமதிக்கப்பட்டதா, உண்மையில் என்ன நடந்தது என்பதில் இங்கே இன்றும் இரண்டு தரப்பு. 2020இல் துக்ளக் பொன்விழாவில் ரஜினி அதைப் பேசப்போய் மறுபடி கிளம்பியது பாருங்கள், எங்கள் தெரு டீக்கடையில் ஒரு வாரம் அதே பேச்சுதான்.

திருச்சி

2016 டிசம்பர் 5இல் ஜெயலலிதா மறைந்தார், 7இல் சோ. அந்த வாரம் டி.வி.யில் அவருக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம்தான் என்று எனக்கு வருத்தம். மறுவருஷம் பத்மபூஷண் கொடுத்தார்கள். இருந்திருந்தால் அதையும் ஒரு கேள்வி பதிலில் கிண்டல் செய்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

மயிலாடுதுறைக்காரரே, உங்கள் அப்பா முதல் இதழிலிருந்தே வாங்கினாரா? அட்டையில் இரண்டு கழுதைகள் பேசிக்கொள்ளுமே, அது. யாரிடமாவது இருந்தால் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். என்னிடம் இருந்ததை ஒரு நண்பர் படிக்க வாங்கிக்கொண்டு போனார், 'இதோ தர்றேன்' என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.