பரிமாற்றப் பகுப்பாய்வைக் கற்ற பிறகு வீட்டில் சண்டை கூடியிருக்கிறது: பிழை முறையிலா, என்னிடமா?

கேள்வி: தேடல்காரி

ஐந்து மாதங்களாக ஓர் ஆற்றுப்படுத்துநரிடம் சென்று வருகிறேன். அவர் உளமருத்துவர் எரிக் பெர்ன் உருவாக்கிய பரிமாற்றப் பகுப்பாய்வு (Transactional Analysis) முறையைப் பின்பற்றுபவர்; மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசிப் பழகும் விதத்தை ஆராயும் உளவியல் முறை அது. நம் ஒவ்வொருவருக்குள்ளும் பெற்றோரிடம் கண்டதைப் போலவே நடக்கும் பெற்றோர் நிலை, இன்றைய சூழலை எடைபோட்டு நடக்கும் வளர்ந்தோர் நிலை, சிறுவயதில் உணர்ந்தபடியே உணரும் குழந்தை நிலை என்று மூன்று அகநிலைகள் இருப்பதையும், சிறு தவறுக்கும் நான் என்மீதே எரிந்துவிழும்போது ஒலிப்பது பெரும்பாலும் என் அம்மாவின் குரல் என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். அந்த அளவில் எனக்குப் பெரிய ஆறுதல் கிடைத்தது.

ஆனால் வீட்டில் நிலைமை வேறு. சென்ற வாரம் இரவு சாப்பிடும்போது என் கணவரிடம், "மின்கட்டணம் கட்டியாயிற்றா?" என்று கேட்டேன். "எல்லாவற்றையும் நான்தான் பார்க்க வேண்டுமா?" என்றார். "நான் கேட்டது ஒரு தகவல், நீங்கள் குழந்தை நிலையிலிருந்து பதில் சொல்கிறீர்கள்" என்றேன். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டார். மறுநாள் மாலை வரை பேச்சில்லை. இது முதல் முறையும் அல்ல. கற்றதைச் சரியாகத்தான் பயன்படுத்துகிறேன் என்று நினைக்கிறேன். பிறகு ஏன் இப்படி நடக்கிறது?

மறுமொழி: பழைய மாணவன்

நான் இம்முறையைக் கற்று, ஆற்றுப்படுத்தும் பணியில் சில ஆண்டுகளாக இருப்பவன். அவருடைய நிலையை நீங்கள் அடையாளம் கண்டது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சொன்னபோது நீங்கள் எந்த நிலையில் இருந்தீர்கள் என்று பார்த்தீர்களா? "நீங்கள் குழந்தை நிலையில் இருக்கிறீர்கள்" என்பது சொற்களில் ஆராய்ச்சி போலத் தோன்றினாலும், கேட்பவரின் காதில் அது கண்டிக்கும் பெற்றோரின் குரலாகவே விழுகிறது.

ஓர் அகநிலையை அடையாளம் காண பெர்ன் நான்கு வழிகளைச் சொன்னார். முதலாவது, பேசுபவரின் நடத்தை: சொல், தொனி, முகக்குறிப்பு, உடல்மொழி ஆகியவை. இரண்டாவது, அவருடைய பேச்சு எதிரில் இருப்பவரிடம் எத்தகைய எதிர்வினையைத் தூண்டுகிறது என்பது. மூன்றாவது, அவருடைய இளமைக்காலத்தில் யார் அப்படிப் பேசினார்கள், அல்லது அவரே எப்போது அப்படி உணர்ந்தார் என்ற வரலாறு. நான்காவது, அந்தப் பழைய கணத்தை அவர் இப்போது தனக்குள் மீண்டும் வாழ்ந்து உணர்வது. கடைசி இரண்டும் அவரிடம்தான் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்க்கும் உங்களுக்கு முதல் இரண்டுதான் கிடைக்கும். அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்வது, நோயாளியைத் தொடாமலே மருந்துச்சீட்டு எழுதுவதற்கு நிகர். அந்த இரண்டாவது வழி இருபுறமும் வெட்டும் கத்தி என்பதையும் கவனியுங்கள். அவரைப் பார்த்ததும் உங்களுக்குத் திருத்தத் தோன்றியது என்றால், அது அவரைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு உங்களைப் பற்றியும் சொல்கிறது.

இன்னொன்று. ஒருவர் சொல்வதும் அதற்கு மற்றவர் தரும் மறுமொழியும் சேர்ந்ததை இம்முறையில் பரிமாற்றம் என்பார்கள். நீங்கள் கேட்ட கேள்வி தாளில் எழுதிப் பார்த்தால் வளர்ந்தோரிடமிருந்து வளர்ந்தோருக்குச் செல்வதுதான். அதற்கு "கட்டிவிட்டேன்" என்றோ "இல்லை, நாளை கட்டுகிறேன்" என்றோ பதில் வந்திருந்தால், புறப்பட்ட இடத்துக்கே மறுமொழி திரும்பும் இணைவுப் பரிமாற்றம் ஆகியிருக்கும். அத்தகைய பேச்சு எவ்வளவு நேரமும் தடையின்றி நீளக்கூடும். வேறு நிலையிலிருந்து பதில் வந்ததால் அது குறுக்குப் பரிமாற்றமாகிப் பேச்சு அறுந்தது. ஆயினும் மூன்றாவது வகை ஒன்று உண்டு: மேலே ஒரு செய்தியும் அடியில் வேறொரு செய்தியும் செல்லும் மறைமுகப் பரிமாற்றம். அதில் விளைவைத் தீர்மானிப்பது அடியில் செல்லும் செய்திதான். ஆகவே கேட்கிறேன்: அன்று அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டது அதுதான் முதல் முறையா?

மறுமொழி: தேடல்காரி

இல்லை. காலையில் ஒரு முறையும், பிற்பகலில் குறுஞ்செய்தியாக ஒரு முறையும் கேட்டிருந்தேன். மூன்றாம் முறை கேட்டபோது என் புருவம் உயர்ந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. "நீங்கள் மறந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்" என்பதுதான் உள்ளே இருந்தது.

மறுமொழி: ஐயப்பாடு

நான் இந்த முறையை முழுமையாக ஏற்பவன் அல்லன். மூளையின் சில இடங்களைத் தூண்டியபோது பழைய நினைவுகள் எழுந்ததாக நரம்பியல் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு கண்டதைப் பெர்ன் தம் கருத்துக்கு ஆதாரமாகக் கொண்டார். அதிலிருந்து, நமக்குள் பெற்றோரின் ஒலிநாடா அப்படியே பதிந்து ஓடுகிறது என்ற பேச்சு பரவிவிட்டது. நினைவு என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்றே பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே "இது என் அம்மாவின் குரல்" என்பதை ஒரு பயனுள்ள உருவகமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவுக்கு எதிரான சாட்சியமாக ஆக்கிவிட வேண்டாம். மேலும், மிரட்டலோ அடியோ உள்ள வீட்டில் "யார் எந்த நிலையில் பேசினார்" என்ற ஆராய்ச்சிக்கு இடமே இல்லை. அங்கே முதலில் தேடவேண்டியது பாதுகாப்பு. உங்கள் வீடு அப்படிப்பட்டதல்ல என்று தெரிகிறது. படிக்கும் மற்றவர்களுக்காகச் சொன்னேன்.

மறுமொழி: மாடிவீடு

நானும் உங்களைப் போலத் தொடங்கியவள்தான். எனக்குத் திருப்பம் கொடுத்தது பெர்னின் மாணவர் ஸ்டீஃபன் கார்ப்மன் 1968இல் வெளியிட்ட நாடக முக்கோணம். அதில் துன்புறுத்துபவர், காப்பாற்றுபவர், பாதிக்கப்பட்டவர் என்று மூன்று வேடங்கள் உண்டு; ஆட்டம் போகப்போக ஆட்கள் வேடம் மாறுவார்கள்.

என் தோழி ஒருத்தி வேலையில் படும் துன்பங்களைத் தொலைபேசியில் சொல்வாள். நான் ஒரு வழி சொல்வேன். "ஆமாம், ஆனால் மேலாளர் ஒப்புக்கொள்ள மாட்டார்" என்பாள். இன்னொன்று சொல்வேன், "ஆமாம், ஆனால் அதற்கு நேரம் இல்லை" என்பாள். மறைமுகச் செய்தியோடு திரும்பத் திரும்ப நடந்து, கடைசியில் மனக்கசப்பில் முடியும் இத்தகைய பேச்சை இம்முறையில் உளவியல் விளையாட்டு என்பார்கள்; பெர்ன் முதன்முதலில் பகுத்துக் காட்டிய விளையாட்டு இதுதான் என்று பின்னர் அறிந்தேன். ஒருநாள் ஏழாவது யோசனையும் தள்ளுபடியானபோது, "அப்படியானால் என்னிடம் ஏன் கேட்கிறாய்?" என்று கத்திவிட்டேன். காப்பாற்ற வந்தவள் ஒரே வாக்கியத்தில் துன்புறுத்துபவளாகி, தொலைபேசியை வைத்த பிறகு "எவ்வளவு செய்தும் நன்றியில்லை" என்று அழுதபோது பாதிக்கப்பட்டவளும் ஆகிவிட்டேன்.

அவளுடைய வேடத்தை அவளுக்கு எடுத்துச் சொல்லியிருந்தால் அந்த நட்பு அன்றோடு முடிந்திருக்கும். நான் மாற்றியது என் பங்கை மட்டும். இப்போதெல்லாம் "இதைப் பற்றி என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். தொடக்கத்தில் அந்த மௌனம் எனக்குத் தாங்கவே முடியவில்லை. யாரும் கேட்காத உதவியை நான் ஏன் வாரி வழங்குகிறேன் என்று பார்த்தபோது, 'எல்லாரையும் திருப்திப்படுத்து' என்ற பழைய கட்டளை ஒன்று எனக்குள் இருந்தது புலப்பட்டது. அந்த மௌனத்தில்தான் அது தெரிந்தது.

உங்கள் கணவரின் பதிலையும் இப்படி வைத்துப் பாருங்கள்: "எல்லாவற்றையும் நான்தான் பார்க்க வேண்டுமா?" என்பதில் தம் உழைப்பை யாரும் கவனிக்கவில்லை என்ற ஏக்கம் இருக்கலாம். இம்முறையில் அதை வருடல் என்பார்கள்: ஒருவர் இருப்பதை மற்றவர் கண்டுகொண்டதற்கான சிறு அடையாளம். வருடலைக் கொடுக்காதே, கேட்காதே, கொடுத்தால் ஏற்காதே, வேண்டாததை மறுக்காதே, உனக்கு நீயே கொடுத்துக்கொள்ளாதே என்று நாம் பழக்கப்பட்டிருப்பதாகப் பெர்னின் இன்னொரு மாணவர் கிளாட் ஸ்டைனர் எழுதினார். இந்த ஐந்தில் எங்கள் வீட்டில் ஒன்றைக்கூட யாரும் மீறியதில்லை. உங்கள் கணவரைப் பற்றி நான் சொன்னதும் என் ஊகமே. அவரிடம் கேட்டால்தான் தெரியும்.

மறுமொழி: தேடல்காரி

நேற்று இரவு முயன்று பார்த்தேன். "உங்கள் நிலையைப் பற்றிச் சொன்னது தவறு. கட்டணம் தவறிவிடுமோ என்று எனக்குப் பதற்றமாக இருந்தது, அதைச் சொல்லாமல் மூன்று முறை கேட்டுக்கொண்டிருந்தேன்" என்றேன். அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "முதல் முறை கேட்டபோதே கட்டிவிட்டேன், மூன்றாம் முறை கேட்டதும் சொல்லப் பிடிக்கவில்லை" என்றார். எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. அவரும் சிரித்தார்.

ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. முதல் அமர்வில் எழுதிய ஒப்பந்தத்தில் என் இலக்காக, "என் கணவர் என்னிடம் பொறுமையாகப் பேச வேண்டும்" என்று குறித்திருக்கிறேன். அது சரிதானா?

மறுமொழி: பழைய மாணவன்

அந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டியவர் உங்கள் கணவர்; அவர் அந்த அறையிலேயே இல்லை. ஆற்றுப்படுத்துதலில் ஒப்பந்தம் என்பது, வருபவர் தாம் எதை மாற்றிக்கொள்ளப் போகிறார், அது மாறிவிட்டதை எப்படி அறிவார் என்பதைப் பற்றியது. "எனக்குப் பதற்றம் வரும்போது கேள்வியாக மாற்றாமல் பதற்றம் என்றே சொல்வேன்" என்று எழுதிக்கொண்டு அடுத்த அமர்வுக்குச் செல்லுங்கள். உங்கள் ஆற்றுப்படுத்துநர் அதை இன்னும் கூர்மையாக்கித் தருவார்.