பிரிண்ட் பெட்டி திறக்காமல் உலாவியிலிருந்து ரசீது அச்சிட வழி உண்டா?

வணக்கம். ஒரு மளிகைக் கடைக்காக, உலாவியிலேயே இயங்கும் பில் மென்பொருள் ஒன்றை எழுதி வருகிறேன். 80 மி.மீ. தெர்மல் பிரிண்டரில் ரசீதும், லேசர் பிரிண்டரில் ஏ4 தாளில் மாதக் கணக்கும் வர வேண்டும். ஜாவா ஆப்லெட் போன்ற செருகுநிரல்களுக்கு இருந்த ஆதரவை குரோம் 2015-லேயே நீக்கிவிட்டதால், ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களையே (ஆயத்த நிரல் தொகுப்புகளையே) நம்ப வேண்டியுள்ளது.

பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் அச்சிட பிரிண்ட்.ஜேஎஸ் என்ற நூலகம் நன்றாகவே உதவுகிறது. ஆயினும் அதுவும் இறுதியில் உலாவியின் பிரிண்ட் கட்டளையையே அழைப்பதால், ஒவ்வொரு பில்லுக்கும் முன்னோட்டப் பெட்டி திறக்கிறது, பிரிண்டரை நிரல் வழியே தேர்ந்தெடுக்கவும் முடிவதில்லை. குரோமை, முன்னோட்டமின்றி நேரடியாக அச்சிடும் கியோஸ்க் பிரிண்டிங் முறையில் திறந்தபோது பெட்டி மறைந்தது. ஆனால் எல்லாமே இயல்புநிலைப் பிரிண்டருக்குப் போனதால், மாதக் கணக்கு முழுவதும் ரசீதுச் சுருளில் முழக்கணக்கில் வந்து விழுந்தது (கடைக்காரர் அதையும் மடித்து வைத்துக்கொண்டார்).

இப்போது, உலாவிக்கும் பிரிண்டருக்கும் இடையே பாலமாக இயங்கும் கியூஇசட் டிரே என்ற மென்பொருளை முயன்று வருகிறேன். கணினியில் தனியே நிறுவ வேண்டும் என்றாலும், வெப்சாக்கெட் என்ற நேரடி இணைப்பின் வழியே பிரிண்டரைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்க முடிகிறது. அதற்கு அனுப்பும் அச்சுக் கோரிக்கைகளில் இடும் டிஜிட்டல் கையொப்பத்துக்கான தனித்திறவுகோலைச் (private key) சர்வரில் எவ்வாறு பாதுகாப்பாக வைக்கிறீர்கள்? மேலும், பிரிண்டரின் எழுத்துருவில் தமிழ் இல்லாததால், ரசீதை உலாவியின் வரைபரப்பான கேன்வாஸில் வரைந்து 576 புள்ளி அகலக் கறுப்பு வெள்ளைப் படமாக அனுப்புகிறேன். அதில் ‘உளுந்து’, ‘மல்லித்தூள்’ ஆகியவற்றின் மெய்யெழுத்துப் புள்ளிகள் மறைந்துவிடுகின்றன. எழுத்தளவைக் கூட்டாமல் இதைச் சரிசெய்தவர்கள் இருந்தால், தாங்கள் கையாண்ட முறையைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.