டிரையத்லானுக்கு வாரம் எத்தனை நாள் நீச்சல்? பட்ட கதையைச் சொல்லுங்கள்

கோவா_கடன்காரன்

கோவா 70.3 (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அரை தூர டிரையத்லான்), போன முறை. நீச்சல் 1.9 கிலோமீட்டருக்கு 1 மணி 10 நிமிடம் கெடு என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நான் கரையேறியது 1:12-க்கு. மிராமர் மணலில் கால் வைத்ததும் ஒரு பையன், கல்லூரியில் படிக்கிறவனாக இருக்கும், குனிந்து என் கணுக்காலில் இருந்த டைமிங் சிப்பைக் கழற்றினான். வெல்க்ரோ பிரியும் அந்தச் 'சர்ர்ர்' சத்தம்! எட்டு மாதம் ஆகிவிட்டது. என் மகன் ஸ்கூல் ஷூவைக் கழற்றும்போதெல்லாம் எனக்கு அதுதான் கேட்கிறது. "சாரி சார்" என்றான் அந்தப் பையன். அவன் மேல் என்ன தப்பு.

தப்பு என் ஞாயிற்றுக்கிழமைகள் மேல். வாரம் முழுக்கக் குளத்துப் பக்கம் போகாமல், ஞாயிறு ஒரே மூச்சில் 2,000 மீட்டர் போட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று இருந்தேன். ஆறு நாளில் மறந்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளவே முதல் 500 மீட்டர் போய்விடும். எண்ணெய்க் கையோடு குடம் தூக்குகிற மாதிரி, தண்ணீர் பிடிபடவே பிடிபடாது.

மறுபடியும் பணம் கட்டியாகிவிட்டது. இன்னும் 16 வாரம். நீங்கள் வாரம் எத்தனை நாள் போனீர்கள், போய் என்ன ஆனது என்று மட்டும் சொல்லுங்கள். அட்டவணை வேண்டாம், அது என்னிடம் பதினேழு இருக்கிறது.

மூன்றாவது_லேன்

கோவை. வாரம் மூன்று நாள், லேடீஸ் பேட்ச் மட்டும். அதற்கு மேல் போக வீட்டு வேலையும் விடாது, குளத்துக்காரர்களும் விடமாட்டார்கள். ஐந்து மாதம் ஒரு நாள் தவறாமல் போனேன். 100 மீட்டருக்கு 3:05. முதல் மாதமும் 3:05, ஐந்தாம் மாதமும் 3:05.

ஒரு சனிக்கிழமை, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து லேனில் ஒரு ஒன்பது வயதுப் பெண். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னையே பார்த்தாள். "ஆன்ட்டி, மூச்செடுக்கறப்ப நீங்க முன்னாடி பார்க்கறீங்க. அதான் காலு கீழ போகுதுங்க." சொல்லிவிட்டு மீன் குஞ்சு மாதிரி போய்விட்டாள். எனக்கு முகமெல்லாம் சூடு. ஐந்து மாதம், மூன்று நாள் வீதம், நான் பழகியது அத்தனையும் தப்பு.

அப்புறம் மூச்செடுக்கும்போது ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்கும்படி பக்கவாட்டில் மட்டும் திரும்பப் பழகினேன். ஒவ்வொரு நாளும் முதல் 20 நிமிடம் அதுதான், வேறு எதுவும் இல்லை. இரண்டே மாதத்தில் 2:35. நாள் கணக்கு மாறவில்லை, அதே மூன்றுதான்.

கணக்குப்பிள்ளை

மன்னிக்கவும், இருவரும் நீச்சலுக்குத் தேவைக்கு மேல் மரியாதை கொடுக்கிறீர்கள்.

என் கதை சின்னது. இரண்டாவது வருடம் வாரம் ஆறு நாள் நீந்தினேன். ஒன்பதாவது வாரம், சமையலறை மேல் தட்டில் இருந்த பருப்பு டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினேன். கை பாதியில் நின்றுவிட்டது. டப்பா தலையில். தோள்பட்டைத் தசைநார் வீக்கம், மூன்று மாதம் ஓய்வு. அவ்வளவுதான்.

இப்போது கணக்குக்கு வாருங்கள். 100 மீட்டர் 2:30 வேகத்தில் 1.9 கிலோமீட்டருக்கு 47 நிமிடம் 30 நொடி. உயிரைக் கொடுத்து 2:20 ஆக்கினால் 44:20. மிச்சம் 3 நிமிடம் சொச்சம். அதே உழைப்பைச் சைக்கிளில் போட்டு, 90 கிலோமீட்டரை 28-க்குப் பதில் 30 வேகத்தில் ஓட்டுங்கள். கிட்டத்தட்ட 13 நிமிடம் மிச்சம். இதில் எங்கே முதலீடு செய்வீர்கள்?

வாரம் இரண்டு நாள் போதும். ஒரு நாள் 50, 100 மீட்டர் துண்டுகள், நடுவில் 15 நொடி ஓய்வு. இன்னொரு நாள் நிற்காமல் நீளமாக. 25 மீட்டர் குளத்தில் 1,900 மீட்டர் என்றால் 76 முறை. 75 தடவை சுவரை உதைத்துத் தள்ளிக்கொள்கிறீர்கள். கடலில் சுவர் ஏது? ஆகவே கடைசி 500 மீட்டர் சுவரைத் தொடாமல் ஒரு கஜம் முன்பே திரும்பிப் பழகுங்கள். ஏழெட்டு வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேல் தூக்கி மிதவையைப் பாருங்கள், தலையை அல்ல. கால் மிதப்பதற்கான 'புல் பாய்' (pull buoy) என்ற நுரைக்கட்டையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டே காலம் தள்ளாதீர்கள். கோவாவில் தண்ணீர் வெதுவெதுப்பு, வெட்சூட் என்ற ரப்பர் நீச்சல் உடைக்கு வழியில்லை, அது தரும் மிதப்பும் கிடைக்காது. முன்னால் நீந்துகிறவர் காலடியில் ஒட்டிக்கொண்டு போங்கள், சைக்கிளில்தான் அது குற்றம், நீச்சலில் இல்லை. இரவில் தோளுக்கு ரப்பர் பட்டைப் பயிற்சி. அட்டவணை வேண்டுமானால் அனுப்புகிறேன்.

கோவா_கடன்காரன்

பதினெட்டு.

கணக்குப்பிள்ளை சார், உங்கள் கணக்கு கரையேறியவர்களுக்கு. எனக்குச் சைக்கிளைத் தொடவே விடவில்லையே.

தோபாயோ_தம்பி

சிங்கப்பூரில் இருந்து. கணக்குப்பிள்ளை அண்ணன் நிமிடத்தை மட்டும்தான் எண்ணுகிறார்.

மலேசியாவில் லங்காவி முழு தூரப் பந்தயம், நீச்சல் மட்டும் 3.8 கிலோமீட்டர். முதல் தடவை வாரம் இரண்டு நாள் பயிற்சியோடுதான் போனேன். 1 மணி 35 நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன், கெடு 2:20 என்பதால் பயமில்லை. ஆனால் சைக்கிளுக்கு மாறும் கூடாரத்தில் ஹெல்மெட் கொக்கியைப் போட முடியவில்லை. விரல் நடுக்கம். நாலு தடவை முயன்றேன். அங்கே உதவிக்கு நின்ற ஒரு மலாய் மக்சிக் (நம் ஊர் ஆன்ட்டி மாதிரி), ஒன்றும் பேசாமல் வந்து, நர்சரிப் பிள்ளைக்குப் போடுகிற மாதிரி என் தாடையைத் தூக்கிப் பிடித்துக் 'கிளிக்' என்று போட்டுவிட்டார். கன்னத்தில் ஒரு தட்டு வேறு. சைக்கிளில் 30-ஆவது கிலோமீட்டரில் வாந்தி.

அடுத்த வருடம் ஆபீஸ் போகும் முன் வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம்தான். 1:28. அண்ணன் கணக்கில் வெறும் 7 நிமிட லாபம். ஆனால் கொக்கியை நானே போட்டேன். தண்ணீரை விட்டு எந்த நிலையில் வருகிறோம் என்பதை உங்கள் 28, 30 எதுவும் காட்டாது.

கணக்குப்பிள்ளை

ஐந்து நாள் 30 நிமிடம் என்றால் மொத்தம் இரண்டரை மணி நேரம். நான் சொன்ன இரண்டு நாளும் அதே அளவுக்கு வரும். மற்றபடி வாந்திக்குக் காரணம் உப்புத் தண்ணீர் குடித்ததாகவும் இருக்கலாம்.

தோபாயோ_தம்பி

குடித்தேன்தான். மூச்சுப் பழகாதவன்தானே குடிப்பான் அண்ணா?

ஊரூர்_உப்பு

நான் நாலு நாள் கட்சி. நாலும் வேளச்சேரிக் குளத்தில், கடலில் பூஜ்யம்.

போன ஜூனில் நண்பர்கள் மூன்று பேரோடு எலியட்ஸ் கடற்கரையில் இறங்கினேன், இடுப்பில் ஆரஞ்சு மிதவைப் பை. ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்கு நேரே இறங்கி வடக்கே, அடையாறு முகத்துவாரப் பக்கமாக. வாட்ச் 100 மீட்டர் 1:40 என்றது. குளத்தில் நான் 2:15. நாலு நாள் பயிற்சி பேசுகிறது என்று உள்ளுக்குள் ஒரே கும்மாளம். 800 மீட்டரில் திரும்பினேன்.

குப்பத்து வீடு ஒன்றின் மொட்டைமாடியில் ஒரு சிவப்புச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. வலப்பக்கம் மூச்செடுக்கும்போது பார்த்தேன். நாற்பது வீச்சு போட்டுவிட்டுப் பார்த்தேன், அதே சேலை. இன்னும் நாற்பது. சேலை எனக்குக் கொஞ்சம் முன்னால் போயிருந்தது. அதாவது நான் பின்னால் போயிருக்கிறேன்.

வீம்பு பிடிக்காமல் நேராகக் கரைக்குத் திரும்பி மணலில் நடந்து வந்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் நிமிராமலே சொன்னார்: "தெண்டி ஓடுது. விடியக்காத்தால வல எடுக்கும்போதே பார்த்தோமே. யாரயாச்சும் ஒரு வார்த்த கேட்டுட்டு எறங்கக் கூடாதா தம்பி?" தெற்கிலிருந்து வடக்கே ஓடும் கடல் நீரோட்டம் தெண்டி, திரும்பி ஓடினால் வன்னி. என் வாட்சுக்கு இரண்டும் தெரியாது.

அந்த ஷ்மிட் சின்னமே 1930-இல் மற்றவர்களைக் காப்பாற்றப்போய் இதே கடலில் மூழ்கிய டென்மார்க் மாலுமிக்காகக் கட்டியதுதான். அதன் நிழலில் உட்கார்ந்துதான் நான் அன்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது குளம் மூன்று, கடல் ஒன்று. பெரியவர் "வேணாம்" என்றால் அன்று ஓட்டப்பயிற்சி.

ஈரத்துண்டு

வாரம் நாலு நாள். 18 மாதத்தில் வேகமும் கூடவில்லை, முடியும் தங்கவில்லை. குளோரின். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தொப்பி போடச் சொன்னார்கள், தொப்பி வழுக்கி மூக்குக்கு வந்து நிற்கிறது. என் பங்குக்கு இவ்வளவுதான்.

கோவா_கடன்காரன்

திங்கள், புதன், வெள்ளி காலை 6 மணி பேட்சுக்குப் பணம் கட்டிவிட்டேன். ஞாயிறு கடல், கேட்டுவிட்டுத்தான். மூன்றாவது_லேன் அக்கா, அந்தக் குழந்தை இன்னும் வருகிறதா?

மூன்றாவது_லேன்

வருகிறாள். இப்போது பட்டாம்பூச்சி நீச்சல் பழகுகிறாள். போன சனிக்கிழமை என்னிடம், "ஆன்ட்டி, இடது கை இன்னும் குறுக்க போகுதுங்க" என்றாள்.