நோயுற்ற கோழியை வலியின்றி விடுவிப்பது எப்படி?

கேள்வி (அம்பாசமுத்திரம்): நான்கு ஆண்டுகளாக எங்கள் முற்றத்தில் வளர்ந்த நாட்டுக்கோழி, வெள்ளைக்கழிச்சல் கண்டு, கழுத்து முறுக்கிக்கொண்டு, மூன்று நாளாகக் கம்பையும் தண்ணீரையும் தொடாமல் கிடக்கிறது. அதன் வேதனையைப் பார்க்கப் பொறுக்கவில்லை, என்ன செய்யலாம்?

பதில் (பாளையங்கோட்டை): அண்ணாச்சி, இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள். பிழைக்காது என்றால், மருத்துவரே மயக்க மருந்தை மிகையாகச் செலுத்தி அமைதியாக முடித்துவைக்கலாம்.

பதில் (களக்காடு): மருத்துவர் கிடைக்காவிட்டால், கைப்பழக்கம் உள்ளவர், மண்டையோட்டின் அடியிலேயே ஒரே இழுப்பில் கழுத்தெலும்பைப் பிரித்துவிடலாம். அதன் பிறகும் சிறகு சிறிது நேரம் அடித்துக்கொள்ளும், பதற வேண்டாம். விழியைத் தொட்டும் இமைக்காததை உறுதிசெய்துகொள்ளுங்கள். தண்ணீரில் அமிழ்த்துவது பெருங்கொடுமை. அதை மட்டும் செய்யாதீர்கள். நோய் மற்ற கோழிகளுக்குப் பரவும் என்பதால், சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள்.