குசும்பா மொக்குக்குள் வாழும் ஈ: நான் பிளந்து பார்த்தவை

எண்ணெய் வித்துப் பயிரான குசும்பாவை விதைக்காக நான் வளர்த்தபோது, அச்செடிகளில் முதல் ஆண்டு பாதிக்கும் மேற்பட்ட பூத்தலைகள் பதராகவே போயின. வெளியில் முள்ளும் செதிலும் குறையில்லாமல் இருந்ததால், தண்ணீர் போதவில்லை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். ஒருநாள் வாடிய மொக்கு ஒன்றை விரலால் அழுத்தியபோது நுனியிலிருந்து பழுப்பு நிற நீர் கசிந்து அழுகல் வாடை அடித்தது. அதை நெடுக்காகப் பிளந்தேன். விதைகள் இருக்க வேண்டிய இடத்தில், பூக்களைத் தாங்கும் அடிப்பகுதியான பூத்தளத்தை அரித்தபடி காலில்லாத வெளிறிய புழுக்கள் நெளிந்தன.

இது அகாந்தியோஃபிலஸ் ஹீலியாந்தி என்னும் ஈயின் வேலை என்று பின்னர் தெரிந்துகொண்டேன். மாம்பழத்தைத் துளைக்கும் பழ ஈயின் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், இது பழத்தை நாடுவதில்லை. அளவுக்கு மீறிக் கனிந்த பழங்களை மொய்க்கும் சிறு பூச்சிகளையும் பலர் பழ ஈ என்றே அழைக்கிறார்கள். அவை வேறு குடும்பம் என்பதை நானும் தாமதமாகவே அறிந்தேன்.

அடுத்த ஆண்டு, மொக்கு பச்சையாக இறுகியிருந்த நாட்களிலிருந்தே கவனித்தேன். சாம்பல் நிற உடலும், பழுப்புப் புள்ளிகள் வலைபோலப் படர்ந்த இறகுகளும் கொண்ட பெண் ஈ, மொக்கின் மேல் முன்னும் பின்னுமாக நடந்து, செதில்களுக்கு இடையே வயிற்று நுனியிலுள்ள முட்டையிடும் குழலைச் செருகி அசையாமல் நின்றது. அது பறந்து சென்றபின் செதிலை விலக்கிப் பார்த்தேன். வெண்மையான மெல்லிய முட்டைகள் கொத்தாகக் கிடந்தன. மொக்கின் மேல் துளையோ தழும்போ எதுவும் தெரியவில்லை. வெப்பமான நாட்களில் முட்டை ஓரிரு நாளில் பொரிந்துவிடுகிறது. புழு ஏறத்தாழ ஒரு வாரம் உள்ளேயே தின்று, இருமுறை தோலுரிக்கிறது. மூன்றாவது தோலை உரிக்காமல் அதையே கெட்டியான கூடாக்கிக்கொண்டு, அதே தலைக்குள் கூட்டுப்புழுவாகிறது. மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டும் பழ ஈக்களோடு ஒப்பிட்டால், இதற்கு வீடும் உணவும் ஒன்றே. பூ விரிந்தபின் மருந்து தெளித்தவர்கள் பயனில்லை என்று வருந்துவதற்குக் காரணம் இதுதான் என்பது என் கருத்து. உள்ளே இருக்கும் புழுவை மருந்து எட்டாமல், பூவை நாடி வரும் தேனீக்களையே எட்டுகிறது.

பாதிக்கப்பட்ட தலைகள் சிலவற்றை இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி வைத்தேன். ஒன்பதாம் நாள் காலையில் முதல் குப்பியில் ஓர் ஈ வெளிவந்துகொண்டிருந்தது. நெற்றியில் ஒரு சிறு பை குமிழிபோல உப்பியும் சுருங்கியும், கூட்டின் மூடியையும் காய்ந்த பூவிதழ்களையும் தள்ளி வழி உண்டாக்கியது. வெளியே வந்தபோது உடல் வெளிறி, இறகுகள் கசங்கிய காகிதம்போல முதுகில் ஒட்டியிருந்தன. அவை விரிந்து, புள்ளிகள் தெளிவாகத் தெரியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டாவது குப்பியில் ஈ வரவேயில்லை. அதற்குப் பதிலாக உலோகப் பச்சை மின்னும் சிறு குளவிகள் ஐந்து வந்தன. புழுவைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள் அவை. அதற்கு முன்பு வெட்டிய தலைகளையெல்லாம் எரித்துவந்தேன். அவற்றோடு எத்தனை குளவிகளையும் எரித்தேனோ! இப்போது அழுகிய தலைகளை ஒரு வாளியில் போட்டு, குளவி நுழையக்கூடிய, ஆனால் ஈயின் உடல் நுழையாத கண்ணளவுள்ள வலையால் மூடி, செடிகளின் அருகிலேயே வைத்துவிடுகிறேன்.