லசானியாவை வெட்டினால் தட்டில் தண்ணீர் நிற்கிறது: என்ன தவறு செய்கிறேன்?

கேள்வி:
ஞாயிறு இரவு வீட்டில் எட்டுப் பேர் சாப்பிடக் கூடுகிறோம். லசானியா (தட்டையான பாஸ்தா ஷீட்டுகளை சாஸ், சீஸோடு அடுக்கி அவன் அடுப்பில் வேகவைப்பது) செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நேற்று ஒத்திகைக்குச் செய்து பார்த்ததில் மூன்று கோளாறு. அடியில் தண்ணீர் தேங்கியது. மேல் ஷீட்டின் ஓரங்கள் சுருண்டு, கடித்தால் ஓடு மாதிரி உடைந்தன. நடுவில் இருந்த ஷீட் ரப்பர் மாதிரி இருந்தது.

செய்த முறை: 23க்கு 33 செ.மீ. கண்ணாடிப் பாத்திரம், முன்கூட்டி வேகவைக்கத் தேவையில்லாத காய்ந்த ஷீட், தக்காளி சாஸ், காளான், சுக்கினி (வெள்ளரி மாதிரி இருக்கும் காய்), பசலைக்கீரை, நீரில் மிதந்து வரும் மொசரெல்லா சீஸ் உருண்டை. 180 டிகிரியில் 45 நிமிடம், மூடாமல். எடுத்தவுடன் வெட்டினேன்.

பதில் 1:
காய்களை வதக்கினீர்களா, பச்சையாகவே அடுக்கினீர்களா?

கேட்டவர்:
பச்சையாகத்தான் அக்கா. அவனில் வெந்துவிடும் என்று நினைத்தேன்.

பதில் 1:
தண்ணீர் வந்த வழி அதுதான். காளானிலும் சுக்கினியிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். அகலமான வாணலியில், பெரிய தீயில், மூடாமல் வதக்குங்கள். காளான் முதலில் வாணலி நிறையத் தண்ணீர் விடும், அப்போது இறக்கிவிடாதீர்கள். அது முழுக்க வற்றி, கொதிக்கிற சத்தம் போய்ப் பொரிகிற சத்தம் கேட்கும். ஓரம் லேசாகச் சிவக்கும். அதுதான் பதம். கீரையை வதக்கி ஆறவைத்து, துணியில் கட்டிப் பிழியுங்கள். வந்துகொண்டே இருக்கும், கை வலிக்கும் வரை பிழியலாம்.

மொசரெல்லாவைத் துண்டாக்கி, வடிதட்டில் ஒரு மணி நேரம் வைத்து, துணியால் ஒற்றி எடுங்கள். நீரில் வராத, கெட்டியான மொசரெல்லா கிடைத்தால் இதற்கு அதுவே மேல்.

பதில் 2:
அக்கா சொன்னதோடு ஒன்று. தண்ணீருக்குப் பயந்து சாஸையும் வற்றவைத்துவிடாதீர்கள். நான் அப்படிச் செய்து ஒரு முறை முழுப் பாத்திரமும் வேகாமல் போனது. காய்ந்த ஷீட் வேக வேண்டிய ஈரம் சாஸிலிருந்துதான் வர வேண்டும். காய் வறண்டிருக்கட்டும், சாஸ் கரண்டியிலிருந்து தாராளமாக வழியட்டும். பாத்திரத்தின் அடியில் முதலில் சாஸ், அப்புறம்தான் ஷீட். ஓரம், மூலை எதுவும் சாஸ் படாமல் வெளியே தெரியக் கூடாது. சுருண்டு உடைந்ததெல்லாம் அப்படித் தெரிந்த இடங்களாகத்தான் இருக்கும்.

முதல் 30 நிமிடம் ஃபாயிலால் இறுக்கி மூடுங்கள், உள்ளே நிற்கிற ஆவியில் ஷீட் வேகும். பிறகு திறந்து 15 நிமிடம், மேலே பொன்னிறம் வர. ஃபாயில் சீஸில் ஒட்டாமல் கொஞ்சம் தூக்கிக் கட்டுங்கள். கத்தி நுனியை நடுவில் இறக்கிப் பாருங்கள், தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது.

பதில் 3:
வெள்ளை சாஸ் சேர்க்கவில்லையே! லசானியாவுக்குப் பேர்போன இத்தாலிய நகரமான பொலோன்யாவில் மொசரெல்லாவே போடுவதில்லை. மாவில் கீரை அரைத்துச் சேர்த்த பச்சை ஷீட், இறைச்சி சாஸ், வெள்ளை சாஸ், பார்மசான் சீஸ், அவ்வளவுதான். இறைச்சி வேண்டாமென்றாலும் வெள்ளை சாஸை விடாதீர்கள். அதிலுள்ள மாவு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், அடுக்குகளும் சேர்ந்து நிற்கும். வெண்ணெய் 60 கிராம், மைதா 60 கிராம், பால் 750 மி.லி. மாவின் பச்சை வாசம் போக வெண்ணெயில் வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். ஜாதிக்காய் ஒரு சிட்டிகை.

கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். முந்தைய இரவே அடுக்கி ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? ஆறவிட்டு வெட்டினால் சில்லென்று ஆகிவிடாதா?

பதில் 1:
ஆறாது. 20 நிமிடம் தொடாமல் வையுங்கள், உள்ளே ஆவி பறக்கும் சூடு அப்படியே இருக்கும். சூடு தணியத் தணியத்தான் சாஸும் சீஸும் இறுகி, துண்டு நிமிர்ந்து நிற்கும். எடுத்தவுடன் வெட்டினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சரியும்.

முந்தைய இரவே அடுக்கலாம், ஷீட்டும் ஊறிக்கொள்ளும். ஆனால் உங்களுடையது கண்ணாடிப் பாத்திரம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராகச் சூடான அவனில் வைத்தால் விரிசல் விடலாம், தெறிக்கவும் கூடும். அதற்காக வெளியே மணிக்கணக்கில் வைக்காதீர்கள். உலோகப் பாத்திரத்தில் அடுக்கிவிட்டால் இந்தக் கவலை இல்லை. குளிர்ந்து இருப்பதால் 10, 15 நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும்.

கேட்டவர் (திங்கள்):
உலோகப் பாத்திரம் இரவல் வாங்கிச் செய்தேன். பிழிந்த கீரையிலிருந்து மட்டும் அரை டம்ளர் தண்ணீர்! 20 நிமிடம் எல்லாரையும் மேசையில் காக்கவைத்தது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் துண்டை எடுத்தபோது ஐந்து அடுக்கும் தனித்தனியாகத் தெரிந்தன, தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு மூலையில் மட்டும் சாஸ் படாமல் மொறமொறவென்று ஆகிவிட்டது. அந்த மூலைக்குத்தான் பிள்ளைகள் இருவரும் போட்டி போட்டார்கள்.